சிவலோகம் போகாதவன்

செத்துப்போனவர்களை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது இசக்கிச்செல்வியின் வேலை. எமதர்மனுக்கு உயிரை எடுக்கிற வேலை மட்டும்தான். எடுத்த உயிர் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தூத்துக்குடியில் அவள்தான் டைப் அடிக்கிறாள்.

ஜோன்ஸ் அண்ணாச்சியின் அச்சகத்தில் அவள் கம்ப்யூட்டரில் போஸ்டர் போடுகிறவள். கல்யாணம், காதுகுத்து, கடைதிறப்பு எல்லாம் உண்டு. ஆனாலும் அந்தக் கடைக்குச் சோறு போடுவது சாவுதான். யாராவது கண் சிவந்து வந்து நின்றால், வயசு என்ன, எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள், எப்படிப் போனார் என்று கேட்பாள். பதிலுக்குத் தக்கபடி ஊர் அமையும். வயசாகிப் படுக்கையில் போனவர், வீட்டில் திருநீறு பூசுகிறவர்கள் என்றால் சிவலோக பதவி. நாமம் போடுகிற குடும்பம் என்றால் வைகுண்ட பதவி. கத்தோலிக்கர்கள் இறைவனில் இளைப்பாறுவார்கள். சி.எஸ்.ஐ.காரர்கள் கர்த்தருக்குள் நித்திரை அடைவார்கள். சாமியே இல்லை என்கிறவர்கள் இயற்கை எய்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் தயாராக வைத்திருந்தாள். சிவலோகத்துக்கு ஒரு பனிமலை, பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே நீலத்தில் மேகம். சாத்தான்குளத்துப் பக்கம் செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரியில் பிறந்தவள் பனியை எங்கே கண்டாள். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதுதான்.

ஒரு சாவுக்கு மட்டும் ஊர் கிடையாது. லாரி அடித்தவன், கடலில் போனவன், கயிற்றில் தொங்கினவன், வேலைக்குப் போன இடத்தில் செத்தவன். இவர்களுக்கு 'அகால மரணம்' என்று போடுவாள். மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்த இடம். இது போகக்கூடாத நேரம். சுவரில் அகாலம் என்று பார்த்தால், டீ குடிக்கிறவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எப்படிச் செத்தான் என்று பக்கத்தில் நிற்பவனிடம் கேட்பான். சிவலோகம் என்று பார்த்தால் ஒன்றும் கேட்க மாட்டான். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

இந்த மாதிரி, உலகத்திலேயே இல்லாத ஊர்களின் பெயர்கள் மேல் அவளுக்கு முன்பே ஒரு கடுப்பு உண்டு. அவள் கல்யாணத்துக்கு வந்த தரகர், "மாப்பிள்ளைக்கு மும்பையில சொந்தக் கடை, ஒங்க பிள்ளை இந்திரலோகத்துல இருப்பா" என்று சொல்லித்தான் முடித்து வைத்தார். போய்ப் பார்த்தால் அந்த இந்திரலோகத்தில் ஏற்கனவே ஒரு ரம்பை இருந்தாள், அவளுக்கு ஒரு பிள்ளையும் இருந்தது. செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். வந்த பிறகு அம்மா பேச்சித்தாயையும் தம்பி சுடலைராஜையும் கூட்டிக்கொண்டு முத்தையாபுரத்தில் வாடகைக்குக் குடியேறினாள். அந்த இடத்துக்கு அமராவதி நகர் என்று பெயர். தேவர்களின் தலைநகரத்துப் பெயர். உப்பளத்தில் சரள் மண் அடித்து மேடாக்கி மனை போட்டவன் வைத்தது. குழாய் உண்டு, தண்ணீர் இல்லை. லாரி வருகிற நாளில் இந்திரனே வந்தாலும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

மனை விற்கிறவர்களுக்கு நோட்டீஸ் போடுவதும் அவள்தான். நந்தவனம், பிருந்தாவனம், பூலோக சொர்க்கம், ஏதேன் தோட்டம். அடித்துக்கொண்டே வாய்க்குள் திட்டுவாள். ஒருநாள் மனை விற்கிறவனிடமே கேட்டுவிட்டாள்.

"உடைமுள் மரங்கூட மொளைக்காத எடத்துக்கு ஏதேன் தோட்டம்னு பேரு வைக்கியளே, ஆதாமுக்குக் குடிக்கத் தண்ணி எங்கன இருந்து வரும்?"

ஜோன்ஸ் அண்ணாச்சி அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினார். செல்விக்கு வாய் அப்படி. ஆனால் வேலை சுத்தம் என்பதால் அவர் பொறுத்துக்கொண்டார்.

இப்படி ஒரு பெயரை அவள் சிரித்துக்கொண்டு கேட்டது தம்பி வாயில் மட்டும்தான். சுடலைராஜுக்கு இருபத்தாறு வயசு. துறைமுகத்துக்கு வருகிற டேங்க் கண்டெய்னர்களைக் கழுவுகிற ஒரு யார்டில் வேலை. படுக்கப்போட்ட பெரிய இரும்பு உருளை. உள்ளே சமையல் எண்ணெயும் வரும், பேர் வாயில் நுழையாத ரசாயனமும் வரும். மேல் மூடியைத் திறந்து, ஏணியை இறக்கி, ஆள் உள்ளே போய்த் தேய்த்துக் கழுவ வேண்டும். இறங்குவதற்கு முன்னால் மெஷின் வைத்து உள்ளே காற்று ஊதிவிட வேண்டும், ஆளுக்கு மாஸ்க் கொடுக்க வேண்டும் என்பது முறை. கப்பல் அவசரத்தில் முறை எல்லாம் மறந்துபோகும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "யக்கா, பாதாளலோகம் போயிட்டு வந்திருக்கேன், சோறு போடு" என்பான். அவளும், "அங்கன நாகராஜா மாணிக்கம் ஒண்ணும் கொடுத்து விடலையால?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வைப்பாள்.

ஒரு திங்கள்கிழமை பாதாளத்துக்குப் போனவன் ஏறி வரவில்லை.

செல்விக்குப் போன் வந்தபோது மத்தியானம். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். தம்பி மேல் வெள்ளைத் துணி கிடந்தது. யார்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற காண்டிராக்டர் விஜயராஜ், பெரியப்பா ராஜதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, எப்போதும் மெதுவான பேச்சு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்துவிட்டது என்றார். கேஸ், அது இது என்று போனால் பெரியாஸ்பத்திரியில் உடம்பை அறுப்பார்கள் என்றார். பெரியப்பாவுக்கு அறுப்பது என்ற சொல்லே போதும். கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பொழுது சாய்வதற்குள் சுடலைராஜைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். செல்வி அழுது மயங்கிக் கிடந்த நேரம் அது. அதை நினைத்து இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம் வரும்.

மறுநாள் காலையில் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். யார்டு அடையாள அட்டையில் இருந்த படம். பின்னால் பனிமலை, பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே மேகம். 'சிவலோக பதவி அடைந்தார்'. கீழே கண்ணீருடன் விஜயராஜ். அவள் தன் கையால் ஒட்டிச் செய்த சிவலோகம். அதில் தம்பியைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள்.

தீட்டு வீட்டுக்காரி என்று பார்க்காமல் அப்படியே நடந்து அச்சகத்துக்குப் போனாள். ஜோன்ஸ் அண்ணாச்சி அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இருபத்தாறு வயசுப் பையனுக்கு நான் எப்பவாவது சிவலோகம்னு போட்டிருக்கனா?"

"நான் சொன்னேன் செல்வி. சின்ன வயசு, அகால மரணம்னு போடுவோம்னு ரெண்டு தடவை சொன்னேன். அவருதான் அந்த வார்த்தை வேண்டாம்னு அடிச்சுச் சொல்லிட்டாரு. சிவலோகம்னு போடுங்க, கௌரவமா இருக்கும்னாரு."

அந்த இடத்தில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. நெஞ்சுவலியில் செத்தவனுக்கு அகால மரணம் என்று போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? எதற்காக ஒரு மனிதன் அச்சகம் வரை வந்து ஒரு வார்த்தையை வேண்டாம் என்கிறான்?

அன்று சாயங்காலம் தம்பியோடு வேலை பார்த்த தனராஜை வீட்டுக்கு வரவழைத்தாள். அவன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் சாப்பிடும்போதா செத்தான்?"

"யக்கா, எனக்கு வேலை வேணும்."

"ஒன் வேலைய நான் பிடுங்க வரல. எந் தம்பி எங்கன செத்தான், அத மட்டும் சொல்லிட்டுப் போ."

"டேங்குக்குள்ள. காத்து ஊதுற மெஷின் ரிப்பேரு. சாயங்காலத்துக்குள்ள டேங்க் போகணும், இறங்குன்னுட்டாரு காண்டிராக்டர். மாஸ்க்கும் இல்ல. இறங்கினவன் ஏறி வரல. நாங்கதான் கயிறு கட்டித் தூக்கினோம்." சொல்லிவிட்டு, "என் பேரச் சொல்லிராதியக்கா" என்று கெஞ்சிவிட்டுப் போனான்.

பெரியப்பாவிடம் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "எரிச்சாச்சே பிள்ளை. இனி எத வச்சுச் சொல்ல" என்றார். "அவம் போட்டதும் நல்ல எடம்தானே. சிவலோகம்னுதானே போட்டிருக்கான், நரகம்னா போட்டான்?"

"அனுப்பி வைக்க அவன் யாரு பெரியப்பா? கொன்னவனே வழியனுப்புவானா?"

எதை வைத்துச் சொல்வது என்றுதான் போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்டார்கள். பார்த்தவர் யார், உடம்பு எங்கே, ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்ததற்கு எதிராக என்ன இருக்கிறது. அவளிடம் ஒன்றும் இல்லை. உடம்பு சாம்பலான பிறகு தம்பி எங்கே செத்தான் என்பதற்கு ஊரில் மிச்சம் இருந்தது சுவரில் இருந்த ஒரு சொல்தான். அந்தச் சொல்லும் பொய்.

அடுத்த நாளே அவள் தானே ஒரு போஸ்டர் போட்டாள். மலை இல்லை, மேகம் இல்லை. தம்பி படம், 'அகால மரணம்', அதற்குக் கீழே யார்டு டேங்குக்குள் என்று இடம். ஜோன்ஸ் அண்ணாச்சி அச்சடித்துக் கொடுத்தார். பசை வாளியோடு அவளே போய் முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பிலிருந்து யார்டு சுவர் வரைக்கும் ஒட்டினாள். மறுநாள் விடிந்தபோது ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கிழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகச் சிவலோகத்தை ஒட்டியிருந்தார்கள். ஈரப்பசையில் தம்பி மலை மேல் இருந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு விஜயராஜ் மாலையோடு வந்தார். சட்டம் போட்ட படம் ஒன்றும் கொண்டுவந்தார். அதிலும் அதே மேகம். அம்மா பேச்சித்தாய் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் செல்வியின் பக்கம் வந்து, அதே மெதுவான குரலில் பேசினார்.

"தங்கச்சி, ஒன் கோவம் எனக்குப் புரியுது. ஆனா அவன் இப்ப சொர்க்கத்துல நிம்மதியா இருக்கான். நாம இங்கன கெடந்து சத்தம் போட்டா அவனுக்குத்தான் அமைதி போகும். செத்தவனக் கீழ இழுக்கக்கூடாது."

"அவன் மேல இல்ல" என்றாள் செல்வி.

விஜயராஜ் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடாமல் போனார். உறவுக்காரர்கள் அவளைத்தான் ஏசினார்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பொம்பிளைக்கு இத்தனை ஆங்காரம் ஆகாது என்றார்கள். தன் வாயிலிருந்து வந்த சொல்லையே அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். மேலே இல்லை என்றால் எங்கே?

அதற்கு அவர்கள் சீமையில் பதில் உண்டு. வயசாகிச் செத்தவர்கள்தான் எந்த லோகத்துக்காவது போவார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவன் எங்கேயும் போவதில்லை. செத்த இடத்திலேயே நிற்பான். கொன்றவன் குடும்பத்தைக் கேள்வி கேட்பான். அப்புறம் அவனுக்கு ஒரு பீடம் போட்டு, பிடித்ததை எல்லாம் படைத்து, வருஷா வருஷம் கொடை விழா கொடுப்பார்கள். கொன்றவன் வீட்டாரும் வந்து கும்பிட வேண்டும். தேரிக்காட்டில் அப்படி நிற்கிற சாமிகள் எத்தனையோ. கும்பிடுகிறவர்களுக்குச் சாமியின் பெயர் தெரிகிறதோ இல்லையோ, அவரை யார் கொன்றார்கள் என்பது தெரியும். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் அத்தனை காலம் ஒரு கேஸ் நிற்காது.

தீட்டுக் கழிந்ததும் சாத்தான்குளம் பஸ் ஏறி ஊருக்குப் போனாள். தம்பிக்குப் பேர் வைத்த சுடலைமாடன் கோயிலில் பூசாரியிடம் பிடிமண் கேட்டாள். வேறு இடத்தில் பீடம் போட வேண்டுமானால் தாய்க்கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆண்கள் வந்து கேட்கிற மண் அது. பூசாரி தயங்கினார்.

"வீட்டுல ஆம்பள யாரும் வரலையா, தாயி?"

"வீட்டுல இருந்த ஆம்பளைக்குத்தான் பீடம்."

பூசாரி குளித்துவிட்டு வந்து மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார்.

அவளுக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோபம் இருந்தது. விஜயராஜுக்கு நம்பிக்கை இருந்தது, அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஷிப்ட் ஆட்கள் வருவதற்கு முன்பே யார்டு வாசலுக்குப் போனாள். பெரியப்பா ராஜதுரையும் செங்கல் சாக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். அவராகத்தான் வந்தார், அவள் கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் செங்கல் அடுக்கி, களிமண் பூசி, உள்ளே பிடிமண்ணை வைத்து, இடுப்பு உயரத்துக்குக் குறுகலாக ஒரு பீடம் எழுப்பினார்கள். சுண்ணாம்பு அடித்துக் காவிக்கோடு போட்டார்கள். செல்வி முன்னால் வாழையிலை விரித்து, தம்பிக்குப் பிடித்த பரோட்டாவும் அவித்த முட்டையும் ஆரஞ்சு நிறக் கலர் பாட்டிலும் வைத்தாள். அவன் கழுவப் போகும்போது தோளில் போடுகிற சிவப்புத் துண்டைப் பீடத்துக்குச் சுற்றிக் கட்டினாள்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சைக்கிளிலும் பைக்கிலும் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பாதிப் பேர் அந்தச் சீமைக்காரர்கள்தான். அந்தத் துண்டும் எல்லாருக்கும் தெரிந்த துண்டு. முதலில் தனராஜ்தான் செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டான். அப்புறம் ஒவ்வொருவராக. கும்பிட்டவர்கள் கேட்டுக்குள் போகாமல் ரோட்டிலேயே நின்றார்கள்.

விஜயராஜின் கார் வந்தது. கூட்டத்தைப் பார்த்து இறங்கினவர் பீடத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார். வாச்மேனைக் கூப்பிட்டு அதை எடுத்துப் போடச் சொன்னார். வாச்மேன் தருவைகுளத்துக்காரர், கழுத்தில் ஜெபமாலை போட்டவர்.

"எனக்கு மாதா இருக்காவ சார். இருந்தாலும் இதுல நான் கை வைக்க மாட்டேன்."

விஜயராஜ் செல்வியிடம் திரும்பினார். "என்ன தங்கச்சி இது. போய்ச் சேந்துட்டவனக் கொண்டாந்து ரோட்டுல நிறுத்தலாமா."

அதுவரை அவரை நீங்க என்று பேசியவள் அன்று நீருக்கு இறங்கினாள். "நீரு அனுப்பின எடத்துக்கு அவன் போகல. திரும்பி வந்துட்டான்."

"இது சரியில்ல. எடுத்துரு."

"நான் என்னத்துக்கு எடுக்க? சுவரு பூரா சிவலோகம்னு ஒட்டினது நீருதானே. அது நெசம்னா இது வெறும் மண்ணு, உள்ள ஒண்ணும் கெடையாது. வாரும். ஒம்ம காலால தட்டிவிடும்."

அவர் காலைப் பார்த்துக்கொண்டார். ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடுகிற ஈரக் களிமண். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். நெற்றித் திருநீறு வேர்வையில் வழிந்து புருவத்துக்கு வந்தது. அவர் ஊரிலும் இப்படி நிற்கிற சாமிகள் உண்டு. பீடத்தைத் தட்டிவிட்டவன் வீட்டில் என்னென்ன நடந்தது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைதான் அவரும். அவர் அடித்த போஸ்டரை அந்த இடத்தில் எல்லாரையும் விட அதிகமாக நம்பாதவர் அவர்தான்.

கடைசியில் அவர் காலை நீட்டினார். தட்டுவதற்கு அல்ல. செருப்பைக் கழற்றுவதற்கு.

"இப்ப சொல்லும்" என்றாள் செல்வி. "எந் தம்பி எங்கன செத்தான்?"

"தங்கச்சி, உள்ள வா, பேசிக்கிடுவோம்."

"எங்கிட்ட இல்ல. அவன்கிட்ட சொல்லும்."

விஜயராஜ் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

"அவனுக்குக் கேக்கல" என்றாள்.

"டேங்குக்குள்ள" என்றார். ரோட்டில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. இரண்டு மூன்று பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. சிவப்புத் துண்டையே பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னார். "காத்து ஊதாம இறக்கிவிட்டேன். என்னைய ஒண்ணும் செஞ்சிராத."

செல்வி குனிந்து இலையிலிருந்த கலர் பாட்டிலைத் திறந்து, பீடத்தின் மேல் ஊற்றினாள். அவளுக்குக் கோபம் தணியவில்லை. தனராஜ் வேலைக்குப் போடுகிற ஹெல்மெட்டைக் கழற்றிப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தான். மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அன்று அந்த யார்டில் எந்த டேங்கிலும் யாரும் இறங்கவில்லை.